முதல் பட்டதாரியா? மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அவசரப்படாதீங்க

தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல பி.இ. சேரணும்னா முதல்ல பிளஸ் டூ மார்க்கை வச்சு கட்-ஆஃபைக் கணக்குப் போடுங்க: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65% இடத்தை அரசு கவுன்சிலிங்குக்குத் தரணும். பலர் இதை விசாரிக்காமலே காலேஜே நேரடியா நிரப்புற மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஏப்ரல்லயே அட்வான்ஸ் கட்டிடறாங்க. குடும்பத்துலயே முதல்ல டிகிரி படிக்கிற 'முதல் பட்டதாரி'க்கான கல்விக் கட்டணச் சலுகை கவுன்சிலிங்கில் வர்றவங்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கிடுங்க. இனிஷியலையும் பாருங்க! எங்க வீட்டுப் பையனுக்கு மார்க் ஷீட்ல 'எஸ்', சாதிச் சான்றிதழ்ல 'சி'. அதைத் திருத்தவே மூணு தடவை தாலுகா ஆபீசுக்கு அலைஞ்சோம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காலேஜ்ல கேட்டா, சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்கிக்குங்க. பிடித்து வைக்கக் கூடாதுன்னு 2018லயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லியாச்சு.