பெயரைப் பார்த்து வேலையைச் சொல்லிவிடாதீர்கள்: வட்டப்புழுவின் பரம்பரையலகுகளைப் படிக்கையில் விடும் பிழைகள்

கல்லடியில் ஒரு மாலை வகுப்பு. மடிக்கணினியில் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மில்லிமீற்றர் நீளமான புழு. அதன் உடலுக்குள்ளேயே முட்டைகள் பொரித்து, குடம்பிகள் தாயின் தோலுக்குள் நெளிகின்றன. வெளியே வர வழியில்லை. கொஞ்ச நேரத்தில் தாய் வெறும் பையாகிவிடுகிறது.

"சேர், இதில் விகாரமடைந்த பரம்பரையலகு எக்ல்-1, 'முட்டையிடுவதில் குறை' என்பதன் சுருக்கம் என்றுதானே போட்டிருக்கு? அப்போ முட்டையிட வைப்பதுதான் அதன் வேலை" என்றாள் களுவாஞ்சிகுடியிலிருந்து வரும் மாணவி.

"இல்லை மகள், கிட்டத்தட்ட வேறு கதை" என்றேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் நான் வருடாவருடம் காணும் பிழை இது. மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற இந்தப் புழுவை ஆய்வுக்குத் தெரிவுசெய்தவர் சிட்னி பிரென்னர். 1974இல் வெளியான அவரது ஆய்வில் புழுக்களை இரசாயனத்தால் விகாரப்படுத்தி, வழமைக்கு மாறானவற்றைப் பொறுக்கி எடுத்தார். தடுமாறி ஊர்ந்தவை 'அன்க்', கட்டையாகத் தடித்தவை 'டம்பி', உயிர்பிழைக்காதவை 'லெட்'. அதாவது, பழுதானபோது என்ன தெரிந்ததோ அதுவே பெயர். ஒருநாள் வரம்பில் வழுக்கி விழுந்தவருக்கு ஊரில் 'வழுக்கி' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டால், அவர் எப்படிப்பட்ட உழவுகாரர் என்று அந்தப் பெயரிலிருந்து அறிய முடியுமா? அன்க்-54 தசைக்கு வேண்டிய மயோசின் புரதத்தை ஆக்குகிறது. பெயரோ 'ஒழுங்கற்ற அசைவு' என்று மட்டுமே சொல்கிறது.

எக்ல்-1இன் கதை இன்னும் சுவையானது. முட்டையிடும் தசைகளைத் தூண்ட இரண்டு நரம்புக்கலங்கள் இருக்கின்றன. காணொளியில் பார்த்த விகாரத்தில், எக்ல்-1 அந்த இரண்டு கலங்களிலும் இயங்கக்கூடாத நேரத்தில் இயங்கியது. கலங்கள் இறந்தன, முட்டைகள் தேங்கின. 1998இல்தான் அதன் உண்மையான வேலை தெளிவானது: இறக்க வேண்டிய கலத்துக்கு 'இனிப் போ' என்று சொல்வது. எக்ல்-1ஐ முற்றாக இழந்த புழுவில், இறந்திருக்க வேண்டிய கலங்கள் உயிரோடு மிஞ்சுகின்றன. ஆகவே விகாரம் என்றவுடன் 'வேலை நின்றுவிட்டது' என்று எழுதாதீர்கள். வேலை கூடினதா குறைந்ததா என்று முதலில் கேளுங்கள். லெட்-60 செயலிழந்தால் முட்டையிடும் துவாரம் உருவாகாது, புழு குடம்பியிலேயே இறந்துவிடும். அதுவே அளவுக்கு மீறி இயங்கினால் துவாரம் போன்ற புடைப்புகள் பல தோன்றும். ஒரே பரம்பரையலகு, நேரெதிரான இரண்டு விளைவுகள்.

கல இறப்பு என்றதும் நோய் என்று நினைப்பதும் வழக்கம். இந்த இருபாலிப் புழுவின் உடலில் 1090 கலங்கள் உருவாகி, அவற்றுள் 131 குறித்த நேரத்தில் இறந்து, 959 மிஞ்சுகின்றன. அது வளர்ச்சியின் பங்கு. இந்தக் கணக்கு, ஜோன் சல்ஸ்டனும் தோழர்களும் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து ஒவ்வொரு கலத்தின் வம்சத்தையும் பின்தொடர்ந்து கண்டது. அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

அடுத்தது, எந்தப் பரம்பரையலகு எதைத் தூண்டுகிறது, எதைத் தடுக்கிறது என்று காட்ட வரையும் அம்புக்குறிகளில் விடும் பிழை. லின்-4 பழுதானால் புழு முதலாம் குடம்பிப் பருவத்தின் கலப்பிரிவுகளையே திரும்பத் திரும்பச் செய்கிறது, வகுப்பேறாத பிள்ளைபோல. உடனே 'லின்-4 வளர்ச்சியைத் தூண்டுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது வளர்ச்சியைத் தூண்டவில்லை, வளர்ச்சியைப் பிடித்துவைப்பதைத் தடுக்கிறது. முதலாம் பருவத்தைப் பிடித்துவைத்திருப்பது லின்-14 என்ற இன்னொரு பரம்பரையலகு. நேரம் வந்ததும் லின்-4 அந்த லின்-14ஐ அடக்குகிறது, பருவம் நகர்கிறது. வாய்க்கால் பலகையை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் வந்து அவர் கையை விலக்கினால் வயலுக்குத் தண்ணீர் பாயுமல்லவா, அப்படி. இரண்டையும் ஒன்றாக இழந்த புழு, லின்-14 இழந்த புழுவைப் போலவே முதலாம் பருவத்தைத் தாவிவிடும். பிடிக்க ஆளில்லாதபோது விலக்க வந்தவருக்கு வேலை இல்லை. இரட்டை விகாரத்தைப் பார்க்காமல் அம்பு வரையக்கூடாது.

இன்னொன்று: லின்-4 புரதமே ஆக்குவதில்லை. அதன் விளைபொருள் 22 நியூக்கிளியோரைட்டு நீளமான ஒரு சிறு ஆர்.என்.ஏ. 1993இல் வெளிவந்த இந்த வேலைக்காக விக்டர் அம்புரோஸும் கேரி ருவ்கனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். 'பரம்பரையலகு என்றால் புரதத்துக்கான கட்டளை' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

அப்புறம், 'அடக்கிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே வேலை இல்லை' என்ற முடிவு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 86 வீதமான பரம்பரையலகுகளை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். மாற்றம் தெரிந்தது 1,722இல் மட்டும். மற்றவை சும்மா கிடப்பவை என்று அர்த்தமில்லை. ஒன்றின் வேலையை இன்னொன்று ஈடுசெய்யலாம். நரம்புக்கலங்களில் இந்த முறை சரியாகப் பிடிப்பதில்லை. பார்க்கத் தெரியாத மாற்றமாகவும் இருக்கலாம்.

அழுகிய வாழைப்பழத்தில் நெளியும் புழுவை எடுத்து வளர்க்கலாமா என்று சிலர் ஆசையோடு கேட்கிறார்கள். வெறுங்கண்ணால் இனத்தைச் சொல்ல முடியாது. தவிர, ஆய்வுகூடத்தில் இவற்றை 15 முதல் 25 பாகைக்குள் வைத்திருப்பார்கள். 20 பாகையில் முட்டை மூன்று நாளளவில் நிறைபுழுவாகும். மட்டக்களப்பு வெயிலில் இனப்பெருக்கமே குன்றிவிடும். வெப்பத்தின் விளைவைப் பரம்பரையலகின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

இது குடலில் வாழும் புழுவும் அல்ல, பற்றீரியா தின்று தனித்து வாழ்வது. ஆனாலும் நம் வீட்டுப் பூச்சிக் குளிசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மெபெண்டசோல் வகை மருந்துகள் இந்தப் புழுவில் முக்கியமாகப் பற்றிக்கொள்வது பென்-1 ஆக்கும் டியூபியூலின் புரதத்தை. பென்-1ஐ இழந்த புழுவை மருந்து எளிதில் ஒன்றும் செய்வதில்லை. அதன் இனத்து வேறு டியூபியூலின்கள் இருப்பதால் புழுவும் பிழைத்துக்கொள்கிறது. போன கிழமை விடைத்தாளில் பத்துப் பேராவது 'பென்-1, மருந்தை எதிர்க்கும் பரம்பரையலகு' என்று எழுதியிருந்தார்கள். பென்-1 நன்றாக இருக்கும்வரைதான் அந்த மருந்து அந்தப் புழுவில் வேலை செய்யும்.