ஏடபிள்யூஎஸ் பில் கையை மீறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஏடபிள்யூஎஸ் என்பது சர்வர், டிஸ்க் முதலியவற்றை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுட் சேவை. பெங்களூருவில் மாரத்தஹள்ளி, பிடிஎம் லேஅவுட் பக்கம் பிஜியில் தங்கி, வேலை தேடிக்கொண்டே கிளவுட் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் சொந்த கார்டைக் கொடுத்துத்தான் ஏடபிள்யூஎஸ் கணக்கு திறக்கிறார்கள். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன கம்பெனியிலும் செலவைப் பார்க்கத் தனி ஆள் கிடையாது. இந்த இரு தரப்புக்கும் வேண்டியதை மட்டும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எது ஓடுகிறது, எதற்குக் காசு போகிறது என்று தெரிந்த பிறகுதான் தள்ளுபடித் திட்டம் பற்றியெல்லாம் யோசிக்க வேண்டும்.

படி 1: சரியான திட்டத்தில் சேருங்கள்

2025 ஜூலை 15 முதல் திறக்கப்படும் புதுக் கணக்குகளில் இலவசத் திட்டம், கட்டணத் திட்டம் என்று இரண்டு வழி உண்டு. படிப்பதற்கு மட்டும் என்றால் இலவசத் திட்டமே போதும். சேர்ந்ததும் 100 டாலர் கிரெடிட், அதாவது பில்லில் கழித்துக்கொள்ளும் தொகை, கிடைக்கும். சில பயிற்சிகளை முடித்தால் மேலும் 100 டாலர் வரை வரும். ஆறு மாதம் முடியும்வரை அல்லது கிரெடிட் தீரும்வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரை, கார்டிலிருந்து பணம் போகாது. அந்தப் பயிற்சிகளில் பட்ஜெட் போடுவதும் ஒன்று, அதற்கு 20 டாலர். சரி, அதையே அடுத்துச் செய்துவிடுவோம்.

படி 2: பட்ஜெட் போடுங்கள்

பில்லிங் பக்கத்துக்குப் போய் 'பட்ஜெட்ஸ்' என்பதைத் திறந்து, டெம்ப்ளேட்டில் 'மாதாந்திரச் செலவு பட்ஜெட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொகையையும் மெயில் முகவரியையும் கொடுத்தால் வேலை முடிந்தது. செலவு 85 சதவீதத்தைத் தொட்டதும் ஒரு மெயில், 100 சதவீதத்தைத் தொட்டதும் ஒரு மெயில், இந்த மாதம் தாண்டிவிடும் என்று கணிப்பு சொன்னால் இன்னொரு மெயில் வரும். புதுக் கணக்கில் கணிப்பை நம்பாதீர்கள். அதற்குச் சுமார் ஐந்து வாரப் பயன்பாட்டுத் தரவு வேண்டும்.

இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: இப்படிப் போடும் பட்ஜெட் தகவல் சொல்லும், அவ்வளவுதான். தொகை தாண்டினாலும் சர்வர் தானாக நிற்காது. செலவுத் தரவே பல மணி நேரம் பிந்தித்தான் பக்கத்தில் ஏறும். அதனால் உங்களால் அதிகபட்சம் தாங்கக்கூடிய தொகையை எழுதாதீர்கள். அதில் பாதியை எழுதுங்கள்.

புதுக் கம்பெனிகளுக்கு ஏடபிள்யூஎஸ் தரும் ஸ்டார்ட்அப் கிரெடிட்டில் ஓடும் கம்பெனிகள் இன்னொன்றும் செய்ய வேண்டும். பட்ஜெட் அமைப்பில் கிரெடிட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். சேர்த்தால் கழித்தது போக மீதி பூஜ்யம் என்றே காட்டும்; எச்சரிக்கை எதுவும் வராது. கிரெடிட் தீர்ந்த மாதம்தான் உண்மைச் செலவு தெரியும். அப்போது இறங்கிக் குறைக்க நேரம் இருக்காது.

கம்பெனிக் கணக்கில் உங்கள் லாகினுக்குப் பில்லிங் பக்கம் திறக்கவில்லையா? ரூட் லாகின் (கணக்கின் முழு உரிமை உள்ள முதல் லாகின்) வைத்திருப்பவர் உள்ளே போய், ஐஏஎம் பயனர்களும் (கணக்குக்குள் தனித்தனி லாகின் பெற்றவர்கள்) பில்லிங்கைப் பார்க்கலாம் என்ற அனுமதியை இயக்கி, உங்கள் பயனருக்கும் பில்லிங் உரிமை தர வேண்டும்.

படி 3: காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைப் படிக்கப் பழகுங்கள்

செலவைப் பிரித்துக் காட்டும் பக்கம் இது. என்னைக் கேட்டால், முழு நேரத்தையும் செலவிட வேண்டிய இடம் இதுதான். முதல்முறை திறந்தால் தரவு வர ஒரு நாள் ஆகலாம். வந்ததும் மாதக் கணக்கை மாற்றி நாள் கணக்காக வையுங்கள். முதலில் 'ரீஜன்' (சர்வர்கள் இருக்கும் பகுதி) வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் வேலை செய்வது மும்பை ரீஜனில், ஆனால் வர்ஜீனியாவில் ஒரு பட்டை தெரிகிறது என்றால், எப்போதோ யூடியூப் வீடியோவைப் பார்த்துச் செய்த பயிற்சி அங்கே இன்னும் ஓடுகிறது. வாடகை சர்வர்களுக்கான இசி2 பக்கம் ஒரு நேரத்தில் ஒரு ரீஜனைத்தான் காட்டும், அதனால் கண்ணில் படாது.

அடுத்து 'யூசேஜ் டைப்' (பயன்பாட்டு வகை) வாரியாகப் பிரியுங்கள். வரும் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஏபிஎஸ்3 என்று தொடங்கினால் மும்பை. அப்புறம் 'பாக்ஸ்யூசேஜ்' என்று வந்தால் சர்வர் ஓடிய மணி நேரம். 'இபிஎஸ் வால்யூம்யூசேஜ்' என்றால் டிஸ்க். 'நாட்கேட்வே ஹவர்ஸ்' என்றால் நாட் கேட்வே (உள் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசல்) சும்மா நிற்பதற்கான கட்டணம். வர்ஜீனியாவில் அது மணிக்கு 0.045 டாலர், அதாவது 30 நாளுக்கு 32.40 டாலர், அதன் வழியாகப் போகும் தரவுக்கு வேறு தனிக் கட்டணம். படிப்பதற்காக ஒரு விபிசி (கணக்குக்குள் தனி நெட்வொர்க்) கட்டிப் பார்ப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். பயிற்சி முடிந்த அன்றே அழித்துவிடுங்கள்.

படி 4: 'ஸ்டாப்' கொடுத்தாலும் நிற்காதவை

இசி2 சர்வரை ஸ்டாப் செய்தால் சர்வர் வாடகை நிற்கும். டிஸ்க் வாடகை நிற்காது. எலாஸ்டிக் ஐபி (சர்வருக்கு வாங்கி வைத்த நிலையான இணைய முகவரி) இருந்தால் அதற்கான கட்டணமும் நிற்காது: 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், மாதம் சுமார் 3.60 டாலர்.

டெர்மினேட் செய்தால், அதாவது சர்வரையே அழித்தால், முதல் டிஸ்க் வழக்கமாகத் தானே அழியும். கூடுதலாக இணைத்த டிஸ்க்குகள் அப்படியே கிடக்கும். இசி2 பக்கத்தில் 'வால்யூம்ஸ்' போய், நிலை 'அவைலபிள்' என்று இருப்பவற்றைத் தேடுங்கள். அவை எந்த சர்வரிலும் இல்லாத டிஸ்க்குகள். தேவையில்லை என்று உறுதியானால் அழிக்கலாம். இருப்பவை ஜிபி2 (gp2) என்ற பழைய டிஸ்க் வகை என்றால் ஜிபி3-க்கு (gp3) மாற்றுங்கள். ஒரு ஜிகாபைட்டுக்கு 20 சதவீதம் வரை விலை குறைவு, ஓடும்போதே மாற்றலாம்.

ஏடபிள்யூஎஸ்ஸே பராமரிக்கும் ஆர்டிஎஸ் டேட்டாபேஸில் ஒரு பொறி உண்டு. ஸ்டாப் செய்தால் ஏழு நாள்தான் நிற்கும், அதன் பிறகு தானாகவே எழுந்து ஓடத் தொடங்கும். நீண்ட நாளைக்கு வேண்டாம் என்றால் ஸ்நாப்ஷாட் (அப்போதைய தரவின் நகல்) எடுத்துவிட்டு அழிப்பதே வழி.

படி 5: வார இறுதிக்கு நிறுத்துங்கள்

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஊர் பஸ் பிடிக்கும் அவசரத்தில் டெஸ்ட் சர்வரை நிறுத்த யாருக்கும் ஞாபகம் வராது. வாரத்துக்கு 168 மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் இரவு 8 வரை ஓட்டினால் 60 மணி நேரம்தான். மீதி 108 மணிக்கான சர்வர் வாடகை, அதாவது 64 சதவீதம், அப்படியே மிச்சம்.

குறித்த நேரத்தில் வேலையைத் தானே செய்யும் 'ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர்' திறந்து இரண்டு அட்டவணை போடுங்கள். நேர மண்டலம் இந்திய நேரம். ஒன்றுக்கு இலக்கு இசி2 'ஸ்டாப் இன்ஸ்டன்சஸ்', மற்றதற்கு 'ஸ்டார்ட் இன்ஸ்டன்சஸ்'. உள்ளீட்டில் சர்வரின் ஐடியைக் கொடுக்க வேண்டும். ஷெட்யூலர் பயன்படுத்தும் ஐஏஎம் ரோலுக்கு (அது செய்யக்கூடியவற்றின் அனுமதித் தொகுப்பு) இந்த இரண்டு அனுமதி மட்டும் போதும், வேறெதுவும் தராதீர்கள். வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரின் ஐடி இதில் கலந்துவிடாமல் இருமுறை பாருங்கள்.

ஏற்கெனவே பெரிய பில் வந்துவிட்டதா?

பயப்படாமல் முதலில் ஓடுவதை நிறுத்துங்கள். பிறகு சப்போர்ட் சென்டரில் 'அக்கவுண்ட் அண்ட் பில்லிங்' பிரிவில் கேஸ் திறங்கள். இதற்குக் காசு கட்டி சப்போர்ட் திட்டம் வாங்க வேண்டியதில்லை. எந்தச் சேவை, எந்த ரீஜன், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எப்போது நிறுத்தினீர்கள், இனி வராமலிருக்க பட்ஜெட் போட்டாயிற்றா என்பதைச் சுருக்கமாக எழுதி, தொகையைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். தருவார்கள் என்று உறுதி கிடையாது. ஆனாலும் கார்டை முடக்கிவிட்டுப் பேசாமல் இருப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் கார்டை முடக்கினாலும் பாக்கி உங்கள் பெயரில்தான் இருக்கும், நிறுத்தாத சேவைகளுக்கு மீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும்.