கனமான டிரெய்லர் இழுக்கும் பிக்கப்: பின் சஸ்பென்ஷனில் எதை மாற்றுவது?

டிரெய்லரை மாட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் தொங்கிப்போனால், பலரும் உடனே ஏர் பேக் (ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைத்துக் காற்றடைக்கும் ரப்பர் பை) வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். சில வண்டிகளுக்கு அதுதான் சரி. பல வண்டிகளில் உயரம் மட்டும் நேராகும், கோளாறு அப்படியே இருக்கும். எடை எங்கே விழுகிறது என்று அளந்து பார்க்காமல் உதிரிபாகம் வாங்குவதில் அர்த்தமில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் எடை 3,000 கிலோ. பின் பம்பருக்குக் கீழே மாட்டும் வகை என்றால் அதில் 10 முதல் 15 சதவீதம் வரை ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இணைப்பு) பந்தின் மேல் உட்காரவேண்டும். 12 சதவீதம் என்று வைத்தால் 360 கிலோ. அந்தப் பந்து பின் ஆக்ஸிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே 3.6 மீட்டர். அப்போது முன் சக்கரங்களிலிருந்து 150 கிலோ தூக்கப்பட்டு, அதுவும் பின்னால் வந்து சேரும். பின் ஆக்ஸில் கூடுதலாகச் சுமப்பது 360 அல்ல, 510 கிலோ. ஸ்டீயரிங் லேசாகி மிதப்பது போல் தோன்றுவதற்கும், முன் பிரேக்கின் பிடி குறைவதற்கும் காரணம் அந்த 150 கிலோதான்.

ஏர் பேக், கமான் பட்டையில் (அடுக்கடுக்கான எஃகு இலைகளால் ஆன ஸ்பிரிங்) கூடுதல் இலை, ரப்பர் ஸ்பிரிங் எதைப் போட்டாலும் அந்த 150 கிலோ முன்னால் திரும்பாது. அதைத் திருப்புவது எடைப் பகிர்வு ஹிட்ச் ஒன்றுதான்; இறுக்கிய ஸ்பிரிங் கம்பிகளால் அது எடையின் ஒரு பகுதியை முன் சக்கரங்களுக்குத் தள்ளும். பம்பரில் அல்லாமல் பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் வகை டிரெய்லர்களில் நிலைமை வேறு. அவற்றின் இணைப்பு ஆக்ஸிலுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இருப்பதால் முன்பக்கம் தூக்காது. ஆனால் டிரெய்லர் எடையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நேராகப் பின் ஆக்ஸிலில் இறங்கும். உதவி ஸ்பிரிங் முழுப் பயனைத் தருவது இங்கேதான்.

எந்த ஸ்பிரிங்கும் வண்டியின் எடை வரம்பை உயர்த்துவதில்லை. கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் ஆக்ஸிலின் வரம்பு இருக்கும். டயர், ரிம், பேரிங், பிரேக் எல்லாம் பழையபடியேதான். எடைமேடையில் மூன்று முறை, ஆக்ஸில் வாரியாக நிறுத்துங்கள்: முதலில் தனி வண்டி; இரண்டாவது, ஹிட்சின் ஸ்பிரிங் கம்பிகள் இல்லாமல் டிரெய்லரை மாட்டி; மூன்றாவது, கம்பிகளையும் மாட்டி. மூன்றாவது எடையிலும் பின் ஆக்ஸில் வரம்பைத் தாண்டினால் சஸ்பென்ஷன் பேச்சை நிறுத்திவிட்டுச் சுமையைக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் பெரிய வண்டி பார்க்கவேண்டும்.

எந்தக் கோளாறுக்கு எந்தப் பாகம்

வெறும் வண்டியே பின்னால் தாழ்ந்து நிற்கிறதா, இடதும் வலதும் உயரம் மாறுகிறதா? கமான் பட்டை ஓய்ந்துவிட்டது. வளைவு போய்த் தட்டையாகியிருக்கும், அல்லது ஓர் இலையில் விரிசல் இருக்கும். இதற்கு மேல் ஏர் பேக் வைப்பது ஓய்ந்த பட்டையை மறைக்கும் வேலை. முதலில் பட்டைத் தொகுதியை மாற்றுங்கள். ஆண்டு முழுவதும் சுமையோடு ஓடும் வண்டிக்குக் கூடுதல் இலை சேர்ப்பது மலிவான, நீடித்த தீர்வு. வாரம் ஐந்து நாள் காலியாக ஓடும் வண்டியில் அதே இலை முதுகைப் பதம் பார்க்கும்.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஆக்ஸில் சேஸிஸில் இடிக்கிறதா? பம்ப் ஸ்டாப்பை (ஆக்ஸில் மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் ரப்பர் அல்லது ஃபோம் ஸ்பிரிங் போதும். வெறும் வண்டியில் அதற்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஓரிரு விரல் இடைவெளி இருந்தால் காலி ஓட்டத்தில் அது குறுக்கிடாது. காற்றும் இல்லை, கசிவும் இல்லை. எப்போதாவது இழுப்பவருக்கு இதையே முதலில் சொல்வேன்.

மேடு தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை குதிக்கிறதா? அது ஷாக் அப்சார்பர் வேலை. ஷாக் எடை தாங்காது, துள்ளலை அடக்கும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டால் துள்ளல் கூடும். காற்றடைக்கும் ஷாக் என்று விற்பதைக் கனமான இழுவைக்கு வாங்காதீர்கள். ஷாக்கைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள் வண்டியின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

வளைவில் வண்டியின் உடல் சாய்ந்தால் பின் ஆன்டி-ரோல் பார் (இடது, வலது பக்கங்களை இணைக்கும் கம்பி) உதவும். டிரெய்லர் பாம்பு போல் வளைந்து ஆடினால் அது உதவாது. ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஹிட்ச் எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனதுதான். டிரெய்லருக்குள் இருக்கும் சரக்கை அதன் ஆக்ஸிலுக்கு முன்னால் நகர்த்துங்கள், டயர் காற்றைப் பாருங்கள்.

ஏர் பேக் போடுவதென்றால்

சுமை அடிக்கடி மாறும் வண்டிக்கு ஏர் பேக் மிக வசதி. ஒரு விஷயத்தை விற்பவர்கள் சொல்வதில்லை. கமான் பட்டை எடையைத் தன் இரு முனைகள் வழியாகச் சேஸிஸின் இரு வேறு இடங்களில் பிரித்து இறக்குகிறது. ஏர் பேக் ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் தள்ளுகிறது. ஆக்ஸிலுக்கு வெகுதூரம் பின்னால் எடை தொங்க, பையில் முழுக் காற்றை அடைத்து மோசமான சாலையில் ஓட்டினால் சேஸிஸ் அந்த இடத்தில் வளையும், விரிசல் விடும். எடையின் பெரும்பகுதியைப் பட்டையே சுமக்கட்டும், மிச்சத்துக்கு மட்டும் காற்று.

இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் விடுங்கள். ஒரே வால்வில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கக் காற்று மறுபக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். குழாயைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டவேண்டும். கட்டிங் பிளையரில் நசுக்கி வெட்டிய முனைதான் கசிவின் ஊற்று. முழுதாகக் காற்றடைத்த பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 12 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். புகைக்குழாய் பக்கத்தில் வெப்பத் தடுப்புத் தகடு அவசியம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், 24 மணி நேரம் கழித்து அழுத்தத்தை மீண்டும் அளங்கள். காலி வண்டியிலும் பையை வெறுமையாக விடக்கூடாது, மடிந்து நசுங்கிக் கிழியும். பல கிட்களில் குறைந்தபட்சம் 5 பிஎஸ்ஐ. தொழிற்சாலையிலேயே தானியங்கி ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் இதைச் சேர்த்தால் உயர சென்சாரோடு மோதும்.

எடைப் பகிர்வு ஹிட்சும் ஏர் பேக்கும் சேர்ந்திருந்தால் வரிசை முக்கியம். சமதளத்தில், ஒவ்வொரு சக்கரத்தின் மையத்துக்கு நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று டிரெய்லர் இல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். பையில் குறைந்தபட்சக் காற்று மட்டும் வைத்து டிரெய்லரை மாட்டுங்கள். முன்பக்கம் எவ்வளவு எழும்பியது என்று பாருங்கள். உதாரணமாக 40 மில்லிமீட்டர் எழும்பினால், ஸ்பிரிங் கம்பிகளை இறுக்கி அதில் குறைந்தது 20 மில்லிமீட்டரைத் திரும்ப இறக்கவேண்டும். சில வண்டிகளின் கையேடு முழு 40-ஐயும் கேட்கும், கையேட்டையே பின்பற்றுங்கள். பழைய உயரத்துக்கும் கீழே முன்பக்கத்தை இறக்காதீர்கள். இதன் பிறகு பின்பக்கத்துக்குக் கொஞ்சம் காற்று. காற்றால் ஹிட்ச் உயரும்போது கம்பிகளின் இறுக்கம் தளரும், ஆகவே முன்பக்கத்தை மறுபடி அளக்காமல் கிளம்பக்கூடாது. பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, காலி வண்டியின் உயரத்துக்கே வந்தாகவேண்டும் என்று காற்றை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

பட்டை வேலை செய்திருந்தால் யூ-போல்ட்டுகள் (பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் U வடிவ போல்ட்டுகள்) புதிதாகவே இருக்கவேண்டும். ஒருமுறை இழுபட்டவை மறுபடி பிடிப்பதில்லை. டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காகப் படிப்படியாக இறுக்கி, முதல் 150 கிலோமீட்டருக்குள் ஒருமுறை சரிபாருங்கள். தளர்ந்த யூ-போல்ட்டில் பட்டைகள் நகர்ந்து, இலைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்துவிடும். அப்போது ஆக்ஸில் ஒரு பக்கம் பின்வாங்கி வண்டி கோணலாக ஓடும்.

சில வண்டிகளில் பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அது சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. பின்பக்கத்தை உயர்த்தினால், சுமை இருந்தும் வண்டி காலி என்று அது கணக்கிட்டுப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்றபடி மறுசீரமைக்கவேண்டும். காலி வண்டியில் ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதையும் அதே நாளில் சரிசெய்துகொள்ளுங்கள்.