அப்பாவின் மருந்துத் துப்பாக்கி கைக்கு வந்தால்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்து வீட்டில், சாமி மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி மாட்டியிருக்கும். அப்பாவின் பயிர்க்காவல் துப்பாக்கி. உரிமத்தில் டி.பி.எம்.எல். என்று எழுதியிருக்கும், டபுள் பேரல் மசில் லோடர். தோட்டா போடுகிற வகை இல்லை. குழலின் வாய்வழியாக மருந்து (கருமருந்து என்கிற வெடிமருந்து), தக்கை (அதை அடைக்கிற அடைப்பு), ரவை (சிறு ஈயக் குண்டுகள்) என்று ஒவ்வொன்றாக இட்டுக் கெட்டிக்கிற பழைய வகை. அப்பா காலமாகி, கருமாதி முடிகிற வரைக்கும் யாரும் அதைத் தொடவில்லை. அடுத்த நாள் காலையில்தான் நான் கீழே இறக்கினேன். சேர்வராயன் மலையில் இப்படி ஒரு துப்பாக்கி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது கைக்கு வந்ததும் எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்

மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். "அப்பா சுட்டுப் பல வருஷம் ஆச்சு, காலியாத்தான் இருக்கும்" என்று நானும் நினைத்தேன்.

குழல் வாயை ஆள் இல்லாத பக்கம், மண்மேட்டைப் பார்த்து வையுங்கள். வாய்க்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. பின்பக்கம் இரண்டு குதிரைகள், அதாவது விசையை இழுத்ததும் அடிக்கிற சுத்திகள், இருக்கும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி பாதி தூக்கி, அடியிலுள்ள முளையில் (குழலுக்குள் துளை போகிற சிறு குமிழ்) கேப்பு, அதாவது அடிபட்டதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கிற சிறு உலோக மூடி, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய துப்பாக்கியில் குதிரை பாதியில் நிற்காமல் நழுவும், அதனால் விரலை எடுக்காதீர்கள்.

அடுத்து, குழல்களுக்கு அடியில் செருகியிருக்கிற கெட்டிக்கோல். முகத்தையும் உடம்பையும் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று கோலை மெதுவாக உள்ளே விடுங்கள். இடிக்க வேண்டாம். அது நின்ற இடத்தில், வாய் விளிம்புக்கு நேராகக் கோலில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வெளியே எடுத்து, கோட்டை வாய் விளிம்போடு பொருத்தி, குழலின் வெளிப்பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். கோலின் முனை முளை இருக்கும் இடம்வரை வந்தால் குழல் காலி. மூன்று நான்கு விரல்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

எங்கள் துப்பாக்கியில் இடது குழலில் கோல் டங்கென்று அடியில் முட்டியது. வலது குழலில் நாலு விரல்கடை முன்னாலேயே, மெத்தென்று நின்றது. பதினொரு வருஷமாக, பேரப்பிள்ளைகள் கீழே விளையாடிய சுவரில், மருந்தும் ரவையும் கெட்டித்த துப்பாக்கி தொங்கியிருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஈரம் படாத கருமருந்துக்கு வயது கிடையாது. எத்தனை வருஷம் ஆனாலும் பொறி பட்டால் வெடிக்கும்.

உங்களுடையது இப்படி இருந்தால் சுட்டுத் தீர்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். நீங்களே தோண்டி எடுக்கவும் வேண்டாம். நான் காவல் நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் மூலமாகச் சேலத்தில் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி ஒருவரிடம் அனுப்பினேன். அவர் குழலுக்குள் தண்ணீர் விட்டு ஊறவைத்து, திருகுமுனைக் கோலால் இழுத்தார். தேங்காய் நார்த் தக்கை, வெள்ளை பூத்த ஈய ரவை, கறுப்புச் சேறாக மருந்து என்று வரிசையாக வந்தன.

2. காகிதம்

உரிமம் அப்பாவுடையது. அவர் போனதும் அந்த உரிமம் உங்களுக்குச் செல்லாது. ஆயுதச் சட்டப்படி, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைத்து, ரசீது வாங்க வேண்டும். அப்புறம் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இது இருக்கிறது. அப்பா இருக்கும்போதே செய்திருந்தால் எனக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி என்று 1959ஆம் ஆண்டுச் சட்டமே தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நில ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து வருஷம் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

3. வேட்டை?

சேலத்திலிருந்து வருகிற தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான். முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல், காட்டுக்கோழி, காட்டுப்பன்றி எதையும் நாமாகச் சுடக் கூடாது. மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது மூன்று வருஷச் சிறை. பயிர்க்காவல் உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. துப்பாக்கியோடு காப்புக்காட்டுக்குள் காலே வைக்காதீர்கள். பன்றி தோட்டத்தை உழுது போட்டிருந்தால் வனத்துறைக்கு எழுதி இழப்பீடு கேளுங்கள்.

அந்தக் காலத்து வேட்டைக்காரர்களிடம் துப்பாக்கியைவிடப் பெரிய வித்தை ஒன்று இருந்தது. அது தடம் பார்ப்பது. அதைக் கற்க எந்த உரிமமும் வேண்டாம். விடியற்காலையில் உங்கள் தோட்டத்து ஈரமண்ணில் குனிந்து பாருங்கள். பன்றியின் குளம்புத் தடத்துக்குப் பின்னால், இரண்டு பக்கமும் சிறு புள்ளிகள் பதிந்திருக்கும். காட்டுமாட்டின் தடம் அகலமாக, உருண்டையாக இருக்கும். அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் இருக்காது. எந்த வேலிச் சந்து வழியாக வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயிர் தப்பியது.

4. சுடப் பழகுவதானால்

உரிமம் உங்கள் பெயருக்கு வந்து, துப்பாக்கி மெக்கானிக் குழலைப் பார்த்து நல்லது என்று சொன்ன பிறகு, அனுமதி பெற்ற சுடுதளத்தில், பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். பழைய குழல்களில் இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் வகை உண்டு. சுருள் சுருளாகக் கோலம் தெரியும். பார்க்க அழகு; உள்ளே துரு தின்றிருந்தால் சுட லாயக்கில்லை, சுவரில் மாட்டத்தான் ஆகும்.

குழலின் அளவை 'போர்' (bore) என்று சொல்வார்கள். பன்னிரண்டு போர் என்றால், குழலுக்குள் சரியாகப் பொருந்துகிற ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதற்கு அடக்கமான அளவு, குழலுக்கு 4.5 கிராம் கருமருந்து, 28 கிராம் ஈய ரவை. உங்கள் துப்பாக்கிக்கு எவ்வளவு தாங்கும் என்பதை மெக்கானிக் சொல்லட்டும். கருமருந்து தவிர வேறு எதுவும் கூடாது. தோட்டாவை உடைத்து அதிலிருக்கும் புகையில்லா மருந்தை இதில் போட்டால் குழல் கையிலேயே பிளக்கும். ரவைக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ் போடுகிறவர்கள் உண்டு. அது குழலைக் கீறிக் கெடுத்துவிடும்.

வரிசை இதுதான்: மருந்து, மருந்தின் மேல் கெட்டித் தக்கை, ரவை, ரவையின் மேல் மெல்லிய அட்டை. மருந்துக்கும் தக்கைக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது. எங்கள் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது: "தம்பி, கேப்பு வைக்கிறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி நீ எங்க நிக்கிற, யார் எங்க நிக்கிறாங்கன்னு பாரு."

இரட்டைக்குழலுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. முன்விசை வலது குழலையும் பின்விசை இடது குழலையும் சுடும். ஒன்றை மட்டும் சுட்டுவிட்டு மறுபடி நிறைக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் மற்ற குழலின் கேப்பை எடுங்கள்; நிறைக்கும்போது உங்கள் கை இரண்டு வாய்க்கும் மேலே இருக்கிறது. பேச்சு சுவாரசியத்தில் ஒரே குழலில் இரண்டு தடவை மருந்து போட்டவர்கள் உண்டு. எந்தக் குழல் என்று சந்தேகம் வந்தால் கெட்டிக்கோலை விட்டுப் பாருங்கள். இன்னொன்று, ஒரு குழல் வெடிக்கிற அதிர்ச்சியில் மற்றதிலிருக்கும் ரவையும் அட்டையும் முன்னால் நகர்ந்துவிடும். மருந்துக்கும் ரவைக்கும் நடுவே அப்படி வெற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும். கேப்பை எடுத்துவிட்டு, கோலால் அழுத்தி மறுபடி உட்கார வையுங்கள்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? வாயை மண்மேட்டைப் பார்த்தபடியே ஒரு நிமிஷம் முழுதாகப் பிடித்திருங்கள். சில சமயம் தாமதித்து வெடிக்கும்.

5. கழுவுதல்

அன்றைக்கே கழுவ வேண்டும். கருமருந்துக் கரி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டு மூடுபனியில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் குழலுக்குள் துரு பூத்திருக்கும். முளைகளைக் கழற்றி, குழல்களைக் கட்டையிலிருந்து பிரித்து, வாளி வெந்நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு, கோலில் துணி சுற்றி மேலும் கீழும் இழுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். பிறகு நல்ல வெந்நீர் ஒரு தடவை ஊற்றினால் இரும்பு சூடாகித் தானாக உலரும். உலர்ந்ததும் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு துணி விட்டுப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் திரும்பவும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

எங்கள் துப்பாக்கி இப்போது சுவரில் இல்லை. பூட்டிய இரும்பு அலமாரியில் இருக்கிறது. மருந்தும் கேப்பும் வேறு அறையில், தனித்தனிப் பெட்டியில். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுக்கும் முன்பும் திரும்ப வாங்கிய பின்பும், அந்தச் சாக்பீஸ் கோடு போட்ட கோலை இரண்டு குழலிலும் விட்டுப் பார்த்துவிடுவேன்.