ஓடிபி போட்டாச்சு, பணம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எடுத்த புடவையில் ஓட்டை இருந்தால் மறுநாளே போய் கடைக்காரர் முன்னால் விரித்துப் போட்டு நியாயம் கேட்போம். இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கியதற்கு அப்படிப் போய் நிற்கக் கடை ஏது? ஒரு வாட்ஸப் நம்பர் இருக்கும், பணம் போனதும் அதிலும் நம்மை பிளாக் பண்ணிவிடுவார்கள். ஆனால் கார்டில் கட்டியிருந்தால் கதை அங்கே முடியாது, சார்ஜ்பேக் என்று ஒன்று இருக்கிறது.

விசா, மாஸ்டர்கார்டு, ரூபே எல்லாவற்றிலும் உள்ள விதி இது. நீங்கள் உங்கள் வங்கியிடம் புகார் கொடுக்கிறீர்கள், உங்கள் வங்கி கடையின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறது, கடைக்காரர் சரியாகத்தான் விற்றேன் என்று ஆதாரம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பணம் உங்களுக்கு. டெபிட் கார்டுக்கும் உண்டு, ஆனால் அதில் முடிவு வரும்வரை காலியாகிக் கிடப்பது உங்கள் சொந்தக் கணக்கு. யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் சொல்லும் சட்டமெல்லாம் அந்த ஊருக்கு. இங்கே கார்டு நிறுவனங்களின் விதியும் ரிசர்வ் வங்கியின் உத்தரவுகளும்தான்.

இனி முக்கியமான விஷயம். "நீங்களே ஓடிபி போட்டிருக்கீங்க, ஒண்ணும் பண்ண முடியாது" என்று கஸ்டமர் கேரில் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே போனை வைத்துவிடுகிறார்கள். ஓடிபி போட்டதால் அடைபடுவது ஒரே ஒரு வழிதான்: "இந்தப் பணத்தை நான் செலவழிக்கவில்லை" என்ற மோசடிப் புகார். பொருள் வரவில்லை, வேறு பொருள் வந்தது, உடைந்து வந்தது, போலி, ரீஃபண்ட் தருகிறேன் என்று சொல்லித் தரவில்லை, இரண்டு முறை எடுத்துவிட்டார்கள், நிறுத்திய சந்தாவுக்கு இன்னும் பிடிக்கிறார்கள், இதற்கெல்லாம் ஓடிபியோடு சம்பந்தமே இல்லை. அதனால் படிவத்தில் காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. சீக்கிரம் வேலை நடக்கட்டும் என்று "மோசடி" கட்டத்தில் டிக் அடித்தீர்களானால் ஓடிபி ஆதாரத்தைக் காட்டி உடனே மூடிவிடுவார்கள், அதன்பிறகு காரணத்தை மாற்றிச் சொன்னால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு குறையும்.

நிஜமாகவே நீங்கள் செய்யாத செலவு என்றால் அது வேறு அவசரம். உடனே கார்டை பிளாக் செய்துவிட்டு வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொடுத்த விதிப்படி, தப்பு உங்கள் பக்கமும் இல்லாமல் வங்கி பக்கமும் இல்லாமல் வேறு எங்கோ நடந்திருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது.

சரி, பொருள் பிரச்சினைக்கு வருவோம். வங்கிக்குப் போவதற்கு முன்னால் கடைக்கு எழுதுங்கள், போனில் பேசாதீர்கள், பேசினாலும் "இப்போது பேசியபடி" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். வந்தது தவறான பொருள் என்றால் "திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத்தில் கேட்டிருப்பது ரொம்ப அவசியம். பொருளையும் வைத்துக்கொண்டு பணத்தையும் கேட்கிறார் என்று கடைக்காரர் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

பிளாக் ஆவதற்கு முன்பே சாட் முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் எடுங்கள், அது எந்த நேரத்திலும் காணாமல் போகும். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரிய ஆரம்பித்து கட் பண்ணாமல் வீடியோ. ஸ்டேட்மென்டில் கடை பெயருக்குப் பதில் பேமென்ட் கேட்வே, அதாவது கடைக்காகப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடை நிறுவனத்தின் பெயர்தான் பல நேரம் இருக்கும், தொகையையும் தேதியையும் வைத்து எது என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

வங்கியிடம் புகார் கொடுக்கக் கெடு பொதுவாக 120 நாள், பொருள் வரவில்லை என்றால் வருவதாகச் சொன்ன தேதியிலிருந்து எண்ணுவதும் உண்டு. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள், பல வங்கிகள் இதைவிடக் குறைவான கெடுவைத் தங்கள் படிவத்தில் வைத்திருக்கின்றன. "அடுத்த வாரம் வந்துடும் மேடம்" என்று கடைக்காரர் இழுப்பதே இந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான் பல நேரம்.

வங்கிக்கு எழுதும்போது ஏமாந்த சோகக் கதை வேண்டாம். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினேன், எது வருவதாகச் சொன்னார்கள், எது வந்தது, கடையிடம் எப்போது கேட்டேன், என்ன பதில், இவ்வளவு தொகை திரும்ப வேண்டும். அரைப் பக்கம் போதும். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை.

கோபத்தில் கிரெடிட் கார்டு பில் கட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சில வங்கிகள் தற்காலிகமாகத் தொகையை வரவு வைக்கும், நீங்கள் தோற்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அதைச் செலவழித்துவிட வேண்டாம். இஎம்ஐயில் வாங்கியிருந்தால் தவணை ஓடிக்கொண்டே இருக்கும், பிராசஸிங் கட்டணம் திரும்புமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கடைக்காரர் "டெலிவரி ஆகிவிட்டது" என்று ஒரு சீட்டைக் காட்டுவார். நகல் கேளுங்கள், கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்கள். நம்ம வடசென்னையில் ஒரே கதவில் பழைய எண், புது எண் இரண்டும் இருக்கும், வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் பார்சல் பக்கத்துத் தெருவில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பதெல்லாம் சாதாரணம். கையெழுத்து யாருடையது, எந்த வீடு, என்ன எடை என்று பார்த்தாலே பதில் எழுத விஷயம் கிடைத்துவிடும். மிக்ஸி அனுப்பியதாகச் சொல்பவரின் சீட்டில் எடை 300 கிராம் என்றிருந்தால் வேறென்ன வேண்டும்?

வங்கி மறுத்தாலோ 30 நாளாகியும் பதில் இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், ஆன்லைனில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம், ராஜாஜி சாலை அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். அது வங்கியின் குறைக்கு. கடைக்காரரை விடக் கூடாது என்றால் நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம், அல்லது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, கடை சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், 2 வருடம் அவகாசம்.

கலர் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் சார்ஜ்பேக் கிடையாது. டெலிவரி ஆளிடம் நோட்டாகக் கொடுத்த பணத்துக்கும் கிடையாது. தனி ஆள் நம்பருக்கு ஜிபே பண்ணிய பணத்தை மீட்பது பெரும்பாடு. தெரியாத கடை "கார்டு வேலை செய்யலை, இந்த நம்பருக்குப் போடுங்க" என்று சொன்னால், அங்கே வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

புகார் ஓடிக்கொண்டிருக்கும்போது "ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்" என்று யாராவது கூப்பிடக்கூடும். கார்டுக்குத் திரும்பி வரும் பணத்துக்கு ஓடிபி தேவையே இல்லை, கேட்டால் போனை வைத்துவிட்டு, கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.