இன்ஸ்டாகிராமில் 'வெள்ளையாகணும், ஒல்லியாகணும்' ரீல்ஸை விரட்டுவது எப்படி?

அக்கா மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். ஃபில்டர் போடாமல் எடுத்த போட்டோவை "இது நானே இல்லை சித்தி, அழிச்சிடுங்க" என்றாள். அவள் ரீல்ஸைத் தள்ளிப் பார்த்தால் முகம் வெளுக்க ஒரு பேக், இடுப்பு குறைய ஒரு பெல்ட், திரும்பவும் முகம் வெளுக்க இன்னொன்று. உட்கார்ந்து சரிசெய்தோம்.

1. செட்டிங்ஸில் 'கன்டென்ட் பிரிஃபரன்சஸ்', அதற்குள் 'ரீசெட் சஜஸ்டட் கன்டென்ட்'. இதுவரை பார்த்ததை வைத்து வரும் பரிந்துரைகளை அழித்து முதலிலிருந்து தொடங்க, 2024 கடைசியில் வந்த வசதி. அழுத்தினால் பழையபடி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்றும் காட்டும். பார்த்தாலே மனம் சுருங்குகிற கணக்குகளை அங்கேயே விலக்கிவிடுங்கள்.

2. இதைச் செய்தும் க்ரீம் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் புரியவில்லை. விளம்பரங்களுக்குத் தனி செட்டிங்ஸ், ரீசெட் அதைத் தொடாது. 'அக்கவுன்ட்ஸ் சென்டர்' போய், 'ஆட் பிரிஃபரன்சஸ்' திறந்து, 'ஆட் டாபிக்ஸ்' பகுதியில் எடைக் குறைப்பு, அழகு சாதனம் போன்றவற்றை ஒவ்வொன்றாகத் தேடி 'சீ லெஸ்' கொடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பாதி நிம்மதி இங்கேதான் இருக்கிறது.

3. அப்புறம், கோபத்தில் அந்த வீடியோக்களின் கீழே திட்டி எழுதாதீர்கள். நின்று பார்ப்பதும் கமென்ட் போடுவதும் ஆர்வமாகவே கணக்காகும். மூன்று புள்ளியைத் தொட்டு 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுத்து நகருங்கள்.

கறுப்பாக இருப்பவரை அழகில்லாதவராக, வாழ்க்கையில் தோற்றவராக விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014இலேயே சொல்லிவிட்டது. 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி கூட 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்தது. அதே பேச்சு இப்போது 'பியூட்டி டிப்ஸ்' என்று பிள்ளைகளின் கைக்குள் வருகிறது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

4. போன் கேமராவைத் திறந்து செல்ஃபி பக்கத்தில் 'பியூட்டி' இருந்தால் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். பல போன்களில் கேட்காமலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், தோல் நிறத்தையே மாற்றிவிடும். தனியாக ஃபில்டர் ஆப் வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள். சாதாரண கேமராவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

பின்சேர்க்கை: யூட்யூப் ஷார்ட்ஸிலும் இதே தொல்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அங்கே வாட்ச் ஹிஸ்டரியை அழித்துவிட்டு, மறுபடி தலைகாட்டும் சேனலுக்கு 'டோன்ட் ரெகமெண்ட் திஸ் சேனல்' கொடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே அக்கவுன்ட் என்றால் முதலில் பிள்ளைக்குத் தனியாக ஒன்று ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் மற்றவர் பார்ப்பதெல்லாம் அவளுக்கும் வரும்.