பெரிய நிலத்தில் ஒரு துண்டுக்கு மட்டும் அடமானக் கடன்: மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து ஏக்கர் நிலம். அதில் வீடும் அதைச் சுற்றிய இரண்டு ஏக்கரும் மட்டும் கடனுக்கு ஈடு. மீதி எட்டு ஏக்கரில் அடமானம் இல்லை. இப்படி ஒரு வேலை வந்தால் மதிப்பீட்டாளர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: கடன் திரும்பி வராமல் இந்த இரண்டு ஏக்கர் தனியாக ஏலத்துக்குப் போனால், வாங்குபவர் கைக்கு என்ன வந்து சேரும்? பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

அதிகம் நடப்பது வகுத்தல் கணக்கு. மொத்த மதிப்பைப் பத்தால் வகுத்து இரண்டால் பெருக்கிவிடுகிறார்கள். முழம் போட்டுக் கிழித்துக் கொடுக்க நிலம் துணி அல்ல. சாலையை ஒட்டிய இரண்டு ஏக்கரும் பின்கோடியில் உள்ள இரண்டு ஏக்கரும் ஒரே விலைக்குப் போவதில்லை. சிறிய பரப்பை வாங்க ஆட்கள் அதிகம் என்பதால், அதன் ஏக்கர் விலையும் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். வீட்டை விட்டுவிட்டு, வெற்று நிலம் முழுவதற்கும் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க இரண்டு ஏக்கர் மட்டும் 35 பெறலாம். சாலைமுகத்தை இழந்த எட்டு ஏக்கரோ 65க்குப் பதில் 50க்கு இறங்கிவிடலாம். துண்டுகளின் கூட்டுத்தொகை முழு நிலத்தின் விலைக்குச் சமமாக வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. ஒப்பிட எடுக்கும் விற்பனைகளும் பண்ணை விற்பனைகளாக இருக்கக் கூடாது. ஏறத்தாழ இதே பரப்பில் வீட்டோடு விற்ற சொத்துகளாக இருக்க வேண்டும்.

உட்பிரிவு ஆகாத துண்டைத் தனிச் சொத்தாகவே எழுதிவிடுவது அடுத்த தவறு. இதில் கடன் தருபவரின் விதியைக் கேட்காமல் களத்தில் இறங்கினால் உழைப்பு வீணாகும். வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் அமெரிக்க நிறுவனமான ஃபேனி மேயின் வழிகாட்டி, பிரிக்கப்படாத 40 ஏக்கரில் 5 ஏக்கரை மட்டும் மதிப்பிடக் கூடாது, மதிப்பு 40 ஏக்கரையும் காட்ட வேண்டும் என்கிறது. துண்டை மட்டும் மதிப்பிடலாம் என்று கடன் தருபவர் ஒப்புக்கொண்டால், பிரிவினை இன்னும் நடக்கவில்லை, நடந்ததாக வைத்தே மதிப்பு சொல்லப்படுகிறது என்பதை அறிக்கையில் மதிப்புத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். பின்னிணைப்பில் பொடி எழுத்தில் ஒளித்துவைத்தால், படிப்பவர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

மேசையில் உட்கார்ந்து கோடு போடுவது எளிது. அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு கோட்டுக்கு இருபது அடி அப்பால் இருக்கும். மோட்டாருக்கான மின் இணைப்பு வீட்டிலிருந்து போகும். கழிவுநீர்த் தொட்டி இந்தப் பக்கம், அதன் நீர் ஊறும் குழி அந்தப் பக்கம். கொட்டகையின் பாதிச் சுவர் கோட்டின் மேலேயே நிற்கும். இன்று எல்லாம் ஒரே உரிமையாளருடையது என்பதால் யாருக்கும் இது உறுத்தவில்லை. துண்டு கைமாறும் நாளில் அது தண்ணீர் இல்லாத வீடு. கிணற்றைப் பயன்படுத்தும் உரிமையைப் பத்திரத்தில் பதிவு செய்தால் ஒரு மதிப்பு, செய்யாவிட்டால் வேறு மதிப்பு. பாதையும் அப்படியே. அதில் இரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்: பின்னால் உள்ள எட்டு ஏக்கருக்கு வேறு வழி இல்லையென்றால், வீட்டு முற்றத்தின் வழியாகத்தான் டிராக்டர் போக வேண்டும். அந்தச் சுமையையும் இரண்டு ஏக்கரின் மதிப்பில் கழிக்க வேண்டும். பலர் இதைக் கழிப்பதே இல்லை.

குறைந்தபட்ச மனைப் பரப்பு, சாலைமுக அகலம், கட்டடத்துக்கும் எல்லைக்கும் இடையே விட வேண்டிய இடம் ஆகியவற்றை உள்ளூர்த் திட்ட விதிகளில் சரிபார்த்துவிடலாம். அடமானத் துண்டு மட்டும் விதிக்குள் வந்தால் போதாது. மிஞ்சும் நிலமும் வர வேண்டும். வராவிட்டால் பிரிவினைக்கு அனுமதியே கிடைக்காமல் போகலாம்.

கேட்ட கடன் தொகைக்கு மதிப்பு எட்டவில்லை என்றதும் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்பவர்கள் உண்டு. எல்லையை மாற்ற உரிமையாளருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் மாற்றினால் அது புதுச் சொத்து: புது அளவை, புது வரைபடம், புது மதிப்பீடு. பழைய அறிக்கையில் பரப்பை மட்டும் திருத்தினால், அளவை வரைபடத்தில் ஒரு எல்லை, அடமானப் பத்திரத்தில் இன்னொன்று, அறிக்கையில் மூன்றாவது என்று நிற்கும். வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் இதைத்தான் தேடுவார்.

பத்து ஏக்கர் மீதும் ஏற்கெனவே ஓர் அடமானம் இருந்தால், உட்பிரிவு செய்ததாலேயே அந்த வில்லங்கம் துண்டை விட்டுப் போய்விடாது. அந்தக் கடனைக் கொடுத்தவர் இந்த இரண்டு ஏக்கரை மட்டும் எழுத்து மூலம் விடுவிக்க வேண்டும். மீதி எட்டு ஏக்கர் தன் நிலுவைக்குப் போதுமா என்று பார்க்காமல் அவர் சம்மதிக்க மாட்டார். அதனால் எட்டு ஏக்கருக்கும் தனி மதிப்பீடு கேட்பார். இரண்டு மதிப்பீடுகளையும் ஒரே தடவையில் செய்துவிட்டால் செலவும் மிச்சம், இரு அறிக்கைகளிலும் எல்லைக்கோடு ஒன்றாகவும் இருக்கும்.